கரையில் ஓடும் கப்பல்

பார்வைக் கருவிகளின் கதை: பகுதி 14

1863 செப்டெம்பர் 30ஆம் திகதி இரவு பாரிஸ் நகரத்து நாடக அரங்கொன்றில் திரை விலகியது. உள்ளே இலங்கையின் முத்துக்குளிப்புக் கரை. பனைகள், கள்ளிச் செடிகள், மூங்கில் குடிசைகள், இடிந்த கோயில் ஒன்று. 24 வயது ஜோர்ஜ் பிசே இசையமைத்த ‘முத்துக் குளிப்போர்’ இசை நாடகத்தின் முதல் நாள் அது. சுர்கா என்றொரு தலைவன், நாடிர் என்றொரு நண்பன், இருவரும் விரும்பிய லெய்லா என்றொரு பெண். கதையை எழுதியவர்கள் அதை முதலில் மெக்சிக்கோவில்தான் வைத்திருந்தார்கள். பிறகு இலங்கைக்குத் தூக்கிவந்தார்கள். கடல்தானே, எந்தக் கடலாக இருந்தால் என்ன என்று நினைத்தார்கள் போலும்.

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டுக் கரையில் நின்று தெற்கே பார்த்தால் தெரிவது அந்தக் கடல். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஊர்களுக்கு எதிரே பல மைல் தள்ளிப் பெரிய பார், செவல் பார் என்று முத்துச் சிப்பி விளைந்த படுகைகள் கிடக்கின்றன. பாரிஸில் பாட்டு ஓய்ந்து 42 ஆண்டு கழித்து, 1905இல், அங்கே நடந்த முத்துக்குளிப்புத்தான் ஆங்கிலேயர் காலத்தின் மிகப்பெரிய குளிப்புகளில் ஒன்று. ஏறக்குறைய 5,000 குளியாட்கள். கரைக்கு வந்தவை 8 கோடிச் சிப்பிகள். ஆறு முதல் ஒன்பது பாகம் வரை ஆழம். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்துக் கீழே போய், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக மூச்சைப் பிடித்து, கூடையை நிரப்பிக்கொண்டு மேலே வரவேண்டும். எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. சிப்பியை எண்ணிப் பிரிக்கும் ‘கொட்டு’க்கு உள்ளேயும் வெளியேயும் சதை அழுகும் நாற்றமும் ஈயும். பாரிஸ் மேடையில் அந்த நாற்றம் இல்லை.

அடுத்த ஆண்டே அரசாங்கம் இந்தக் கடலை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். 1907க்குப் பிறகு சிப்பி விளையவில்லை. 1912இல் கம்பனியை இழுத்து மூடினார்கள். மன்னார்க் கடல் யாருக்கும் கடன்பட்டதில்லை.

பார்வைக் கருவிகளின் கதையில் இது எதற்கு என்று கேட்கலாம். பாரிஸ்காரர் காசு கொடுத்து வாங்கியது, தான் போகாத இடத்தில் தான் நிற்பதுபோன்ற உணர்வை. இன்று தலையில் மாட்டும் வி.ஆர். கண்ணாடி விற்பதும் அதையேதான். அந்த உணர்வுக்காகக் காசு செலவழிக்க ஒருவர் எப்போது முன்வருகிறார் என்பதைப் பின்தொடர்ந்து போனால் இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறு முழுவதும் கைக்கு வந்துவிடும். சென்ற பகுதிகளில் வேடிக்கைக்காகச் செலவழித்தவர்களைப் பார்த்தோம். 1800இல் ரொபர்ட் கேர் போர்ட்டர் இலண்டனில் வைத்த சீரங்கப்பட்டண ஓவியத்தை நினைவிருக்கும்: திப்பு சுல்தான் விழுந்து ஒரு வருடம் ஆகுமுன், நூறடிக்கும் மேல் நீளமான வளைந்த துணியில் அந்தக் கோட்டைச் சண்டையைத் தீட்டிவைத்தார். பெண்கள் பார்த்து மயங்கி விழுந்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். செத்தவர்களின் ஊரில் அந்தத் துணியை யாரும் விரித்துக் காட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவரை இன்னோர் இடத்தில் நிறுத்தும் வேலையைச் செய்தது கோயில். மன்னார்த் தீவில் தாழ்வுபாட்டைப் போலப் பேசாலையும் கத்தோலிக்க மீனவர் ஊர். அங்கே தவக்காலத்தில் ‘உடக்குப் பாஸ்’ என்ற மரபு உண்டு. உடக்கு என்று சொல்லும் உருவங்களை வைத்து யேசுவின் பாடுகளைக் காட்சி காட்சியாக நடத்துவார்கள். கூடவே பசாம் பாடல். கோவாவின் திவார் தீவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழில் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ இன்றும் தவக்காலத்தில் வாசிக்கப்படுகிறது. கேட்பவரைச் சிலுவையின் அடியில் கொண்டுபோய் நிறுத்துவதே அதன் நோக்கம். இருட்டும் திரையும் ஒப்பாரியும் கூட்டத்தின் நெருக்கமும் சேர்ந்து ஒருவரை இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போகும் என்பதை இந்தக் கரை யாரிடமும் படிக்க வேண்டியிருக்கவில்லை. 1962இல் அமெரிக்காவில் மோர்ட்டன் ஹைலிக் என்பவர் படம், ஒலி, காற்று, மணம் எல்லாம் கொடுக்கும் ‘சென்சொராமா’ பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். சாம்பிராணியோடு நடக்கும் வழிபாட்டுக்குப் பழகியவர்களுக்கு அதில் புதினம் ஒன்றும் இல்லை. ஹைலிக்கின் பெட்டியும் விலைபோகவில்லை. ஒரு பெட்டிக்குள் ஒரு தலைதான் போகும், உடக்குப் பாஸுக்கு ஊரே வரும்.

வேடிக்கைக்கு வெளியே முதன்முதலில் பெருங்காசு இறங்கியது சாவைப் பார்த்த பிறகுதான். எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் பியானோவும் ஓர்கனும் செய்யும் குடும்பத்தில் வளர்ந்தவர். ஓர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளை ஒரு சின்ன மரவிமானத்தின் அடியில் பொருத்தி, உள்ளே இருப்பவர் பிடியை அசைத்தால் விமானம் சாயவும் நிமிரவும் செய்தார். 1929இல் கருவி தயார். வாங்க விமானப்படை வரவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள் வாங்கின, பிள்ளைகள் காசு போட்டு ஏறி விளையாடினார்கள். 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகளிடம் தபால் ஏற்றும் வேலையைக் கொடுத்தார்கள். முகிலுக்குள்ளும் இரவிலும் கருவியை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாதவர்கள் அவர்கள். சில மாதங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் விழுந்து செத்தார்கள். அதே ஆண்டில் இராணுவம் லிங்கின் பெட்டிகளில் ஆறை வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் ஐந்து இலட்சம் விமானிகள் அந்தப் பெட்டியில் பழகினார்கள் என்பது கணக்கு.

அன்றிலிருந்து இன்றுவரை விதி ஒன்றுதான். தவறு செய்தால் யாருக்கோ பெரிய நட்டம் வரும் இடத்தில் பொய்க்காட்சி வளரும். விமானம், போர்க்கப்பல், அணு உலை, எண்ணெய்க் கிணறு, அறுவைச் சிகிச்சை. 1990களின் தொடக்கத்தில் போயிங் விமானத் தொழிற்சாலையில் தொம் கோடல், டேவிட் மிசெல் என்ற இருவர், கம்பிக் கட்டுகளைப் பிணைக்கும் தொழிலாளியின் கண்ணாடியிலேயே எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்ற கோட்டைக் காட்ட முயன்றார்கள். ஒரு கம்பி இடம் மாறினால் விமானம் முழுவதையும் குடைந்து தேட வேண்டும், அதுதான் காரணம். பின்னால் 2012இல் ஒக்குலஸ் என்ற வி.ஆர். கண்ணாடிக் கம்பனி, 2014இல் அதை 200 கோடி டொலருக்கு பேஸ்புக் வாங்கியது, ஊரெல்லாம் விளம்பரம். அந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடலாம், பத்திரிகைகளில் அளவுக்கு மேல் வந்துவிட்டது.

கப்பலுக்கு வருவோம். வணிகக் கப்பல் அதிகாரிகளின் பயிற்சிக்கு 1978இல் சர்வதேச உடன்படிக்கை ஒன்று வந்தது. 1995இல் அதைத் திருத்தியபோது, றேடார்ப் பயிற்சியைச் சிமுலேற்றர் என்ற பொய்க்காட்சிக் கருவியில் பெற்றே ஆக வேண்டும் என்று எழுதினார்கள். ஓர் எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறினால் காப்புறுதிக் கம்பனிகள் முதல் கரையோர அரசாங்கங்கள் வரை அலறும். அலறலின் விலைதான் அந்தச் சட்டம். உலகமெங்கும் கடற்கல்விக் கூடங்களில் கரையில் ஓடும் கப்பல்கள் முளைத்தன. கொழும்புக்கு அருகே மாலபேயில் உள்ள சினெக் வளாகத்திலும் கப்பல் மேடைச் சிமுலேற்றர் உண்டு.

ஆனால் இலங்கையின் கதையில் எனக்குப் பிடித்தது அது இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியில் கடற்படையோடு சேர்ந்து உருவாக்கிய ‘விதுசயுர’ என்ற கப்பல் சிமுலேற்றர்தான். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமித்த சந்தருவன், நிஹால் கொடிகார, சமத் கெப்பிட்டியாகம ஆகிய ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். வெளிநாட்டுக் கம்பனியிடம் வாங்கினால் தாங்க முடியாத விலை. இவர்கள் கடையில் கிடைக்கும் கணினிகளையே கோத்து, பல திரைகளில் கடலைக் காட்டினார்கள்.

உண்மையான சிரமம் படத்தில் இல்லை, அசைவில் இருந்தது. கடலில் ஒரு கலம் ஆறு வகையில் அசையும். முன்னும் பின்னுமாகப் போகும், பக்கவாட்டில் தள்ளப்படும், அலையோடு எழுந்து இறங்கும். இவை மூன்றும் இடம்பெயர்தல். பக்கத்துக்குப் பக்கம் உருளும், அணியம் எழுந்து குத்தும், தலை திரும்பும். இவை மூன்றும் சுழற்சி. ஆறும் ஒன்றையொன்று மாற்றும். அலை எந்தத் திசையில், என்ன உயரத்தில் வருகிறது, கலத்தின் நிறையும் வடிவும் என்ன, சுக்கான் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் கூட்டிக் கணினி கண்ணிமைக்குமுன் விடை சொல்ல வேண்டும். விடை கொஞ்சம் பிந்தினாலும் கண் ஒன்றைச் சொல்லும், காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு இன்னொன்றைச் சொல்லும். பயிற்சிக்கு வந்தவர் வாந்தி எடுப்பார். துல்லியத்துக்கும் வேகத்துக்கும் நடுவில் எதை விட்டுக்கொடுப்பது என்பதே அந்த ஆய்வின் உயிர். மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க்கின் பெயரில் 1984இல் ஒரு தொழில்நுட்ப நிலையம் அமைத்தோம்; 1956 நாவலிலேயே மெய்நிகர் சாகசங்களில் பொழுதுபோக்கும் நகரத்தைக் கற்பனை செய்து, அதே ஆண்டு இலங்கைக்குக் குடிவந்தவர் அவர். என் கணக்கில், அவர் கற்பனைக்கு இந்த நாடு கொடுத்த நல்ல பதில் விதுசயுர.

பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்படையின் படகு என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன நினைவு வரும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. போர்க்காலத்தில் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது; எத்தனை மணிக்குப் போவது, எவ்வளவு தூரம் போவது, எத்தனை குதிரைவலு எஞ்சின் பூட்டுவது எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு இருந்தது. கடலை ஆண்டவர்களுக்குக் கரையிலேயே கடல் கிடைத்தது. கடலை நம்பியவர்களுக்குக் கடலும் அளந்தே கிடைத்தது.

பள்ளிக்கூடத்தின் கதை வேறு மாதிரி. அங்கே கருவி எப்போதும் வெளியிலிருந்து வரும், வந்தபடியே போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கீஸ்டோன் கம்பனி 600 இரட்டைப் படங்கள் கொண்ட தொகுதியைப் பள்ளிகளுக்கு விற்றது. பிள்ளை ஒரு கண்ணாடியை முகத்தில் பிடித்தால் உலகம் முழுவதும் முப்பரிமாணத்தில் தெரியும், இனிப் பாடப்புத்தகம் உயிர்பெறும் என்றார்கள். சினிமாவும் வானொலியும் வந்ததும் படங்கள் அலுமாரிக்குள் போயின. 2014இல் கூகிள் ஒரு மட்டை அட்டையை மடித்து இரண்டு வில்லையைப் பொருத்தி, உள்ளே கைத்தொலைபேசியை வைத்தால் வி.ஆர். என்றது. அடுத்த ஆண்டு வகுப்பறைகளுக்கான ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’ வந்தது. ஆசிரியர் வழிகாட்ட, வகுப்பு முழுவதும் பவளப்பாறைக்கும் செவ்வாய்க்கும் போய்வந்தது. 600 படக்காரர் சொன்ன அதே வாசகங்களைத் திரும்பச் சொன்னார்கள். 2021 ஜூனில் சேவையை நிறுத்திவிட்டார்கள். பாடத்திட்டத்தில் வேர் விடாத கருவியைக் கம்பனி எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொண்டு போகலாம்.

வேர் விட்ட ஒன்று கொழும்பில் இருக்கிறது. 1965இல் கைத்தொழிற் கண்காட்சியை ஒட்டித் திறந்த கோள்மண்டலம். தாமரை வடிவக் கட்டடம், கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் கருவி, பொறியியலாளர் குலசிங்கவின் கொங்கிறீற்று வேலை. வடக்குக் கிழக்கிலிருந்து கல்விச் சுற்றுலா போன எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் மெய்நிகர் அனுபவம் அதன் கூரைக்குக் கீழேதான். அறுபது ஆண்டாக அது நிற்கக் காரணம், அரசாங்கம் அதை ஒரு நூலகத்தைப்போலப் பொதுச் சொத்தாக வைத்திருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணனின் வழிகாட்டலில் இயங்கும் மெய்நிகர் தொழில்நுட்ப மையம் கிராமப் பள்ளிகளுக்கான பாடங்களில் கைவைத்திருக்கிறது. அது அட்டைக் கண்ணாடியின் வழியில் போகுமா, கோள்மண்டலத்தின் வழியில் போகுமா என்பது எத்தனை ஆசிரியர்கள் அதைத் தங்கள் பாடமாக எழுதிக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

பொதுவாழ்வுக்கு உதாரணம் தேடித் தாழ்வுபாட்டை விட்டு அதிகம் போக வேண்டாம். தீவின் தெற்குக் கரையை ஒட்டி 30 காற்றாலைகள் நிற்கின்றன. ‘தம்பபவனி’, 103.5 மெகாவாட், 2020 டிசெம்பரில் திறந்தது. பிறகு இன்னும் கோபுரங்கள் வரும் என்றார்கள். அதானி கம்பனி வருவதாக இருந்து 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மற்றத் திட்டங்களையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து அதே ஆண்டு ஓகஸ்டிலிருந்து மன்னாரில் மக்கள் வீதியில் இருந்தார்கள். மழை வெள்ளம் வடிவது, கரையோர மீன்பாடு, வலசை வரும் பறவைகள் என்று கேள்விகள் பல. ஸ்கொட்லாந்தில் காற்றாலை கட்ட விண்ணப்பிப்பவர், கோபுரங்கள் எழுந்தபின் ஊரிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதைப் படமாகக் காட்டுவதற்கு 2006 முதலே எழுதிய வழிகாட்டி இருக்கிறது. எந்த இடத்தில் நின்று, எந்த வில்லையால், எவ்வளவு அகலத்துக்கு எடுக்க வேண்டும் என்பதுவரை அதில் உண்டு. இன்று அதே காட்சியை வி.ஆர். கண்ணாடியில் போட்டு, மக்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் நின்றபடி திரும்பித் திரும்பிப் பார்க்கலாம். வெள்ளம் எந்தப் பக்கம் தேங்கும் என்பதையும் அதே கண்ணாடியில் காட்டலாம். கம்பனி தனக்குச் சாதகமான கோணத்தை மட்டும் காட்டும் என்ற பயம் நியாயமானது. அதனால் கண்ணாடி பிரதேச சபையின் கையில் இருக்க வேண்டும், திட்டக்காரரின் கையில் அல்ல. இப்படிக் காட்டுவதால் சண்டை ஓயும் என்று நான் சொல்லமாட்டேன். கேட்பவர்களின் கேள்வி கூர்மையாகும், அது போதும்.

இனி விட்ட இடத்துக்கு வருவோம். யாருடைய தவறுக்கு விலை உண்டு என்று இந்த உலகம் கணக்குப் போடுகிறது?

மீன்பிடியில் ஆண்டுக்கு 24,000 பேர் இறக்கிறார்கள் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1999இல் மதிப்பிட்டது. 2022இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு ஒரு இலட்சத்துக்கும் மேல் என்றது. இந்தத் தொழிலைவிட ஆபத்தான தொழில்கள் அதிகம் இல்லை. மீன்பிடிக் கலங்களுக்கும் ஓர் உடன்படிக்கை உண்டு. 1995இல் எழுதி 2012இல் நடைமுறைக்கு வந்தது. கலத்தின் தலைவனுக்கான சான்றிதழ் விதிகள் அதில் 24 மீற்றரும் அதற்கு மேலும் நீளமான கலங்களுக்கே. தாழ்வுபாட்டிலிருந்து வெளிக்கிடும் கண்ணாடியிழைப் படகு ஆறேழு மீற்றர். அதில் போகிறவர் றேடார் இல்லாமல், கச்சானிலும் சோளகத்திலும், இந்திய றோலர்கள் இருட்டில் இழுத்துவரும் கடலில் வலை போடுகிறார். எஞ்சின் நின்றுபோனால், அலை பக்கவாட்டில் வந்தால், படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதை அவர் அப்பாவிடமும் சம்மாட்டியிடமும் கற்றுக்கொண்டார். அப்பா ஒருமுறை தப்பிய கதையைத்தான் சொல்ல முடியும், தப்பாதவர்கள் வந்து சொல்வதில்லை.

ஆறு அசைவையும் கணக்கிடும் அறிவு கொழும்பில் ஏற்கெனவே இருக்கிறது. பெரிய போர்க்கப்பலின் எண்களை எடுத்துவிட்டு 23 அடிப் படகின் எண்களைப் போட வேண்டும். அந்த எண்களும் நீரோட்டத்தின் போக்கும் எங்கே அலை உடையும் என்பதும் கடலுக்குப் போகிறவர்களிடம் உண்டு. கரைவலைக்காரர் நீரின் நிறத்தைப் பார்த்தே மீன் சொல்கிறவர்கள்; அவர்களை மாணவராக மட்டும் உட்காரவைக்காமல் ஆசிரியராகவும் அழைக்க வேண்டும். திரையில் வரும் கட்டளை தமிழில் இருக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகம் இதைக் கையில் எடுக்கலாம். மன்னாரின் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் அதை எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காத ஊருக்குக் கருவி வந்ததாக இந்தத் தொடரின் பதின்மூன்று பகுதிகளிலும் ஓர் இடம்கூட இல்லை.

அடுத்த பகுதியில் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் போகிறோம்.